அப்பாவின் பத்மினியும் என் ஸ்விஃப்டும்: மைலேஜ் கணக்கு சொல்லாத செலவுகள்

வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது என்று சொன்னால் போதும், "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டு வருடம் பட்டபிறகு சொல்கிறேன், பழைய வண்டியா புது வண்டியா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்டால் போதும். என் பணத்தில் பெட்ரோல் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். காகிதமும் தகரமும் காத்திருப்பும் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துப் பதின்மூன்றாயிரம் ரூபாய். முன்னாடியே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்பா 1984-ல் எடுத்த பிரீமியர் பத்மினி அது. இத்தாலி ஃபியட் 1100 டிலைட்டை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் செய்தார்கள். எழுபதுகளில் அதற்குப் பத்மினி என்று பெயர் மாறியது. ஆனால் திருச்சியில் எங்கள் தெருவில் அது கடைசிவரை "ஃபியட்"தான். புக் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். மாருதி 800 அதற்குள் வந்துவிட்டது, ஆனாலும் அப்பா காத்திருந்தது இதற்காகத்தான். 2024 ஆரம்பத்தில் அப்பா தவறிவிட்டார். "அந்த வண்டிய மட்டும் விக்காதடி" என்று அம்மா சொன்னாள். எனக்கும் விற்கும் எண்ணம் இல்லை. துவாக்குடி பக்கம் வேலை, போக வர நாற்பது கிலோமீட்டர், கையில் ஒரு ஸ்கூட்டர் மட்டும். அப்பா நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த வண்டிதானே, அதிலேயே வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தேன்.

முதல் அடி காகிதத்தில். வண்டி உரிமையாளர் இறந்துவிட்டால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மூன்று மாதம் வரை வாரிசு அந்த வண்டியை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் அப்படித்தான்: இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இரண்டில் எது முந்தியோ அதுவரைக்கும்தான் செல்லும். காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாரும் கிளம்பி, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து அது கைக்கு வருவதற்குள் அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். துக்க வீட்டில் வண்டிக் காகிதத்தை யார் நினைப்பார்கள்? ஆனால் நினைத்துத்தான் ஆக வேண்டும். தபாலில் ஒரு கடிதம் அனுப்பி அதன் ரசீதை வைத்துக்கொண்டாலே பெரிய உதவி.

விண்ணப்பத்தோடு போனபோதுதான் அடுத்தது தெரிந்தது. 1984-ல் அப்பா வங்கிக் கடனில் வண்டி எடுத்திருக்கிறார். கடன் எண்பதுகளிலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) என்று எழுதியது எழுதியபடியே இருந்தது. கடன் முடிந்தது என்று தெரிவிக்கும் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) இல்லாமல் பெயர் மாறாது என்றார்கள். அந்தக் கிளையில் அந்தக் காலத்துப் பேரேடு எதுவும் இல்லை. "கடனே இங்க பதிவுல இல்லம்மா, இல்லாத கடனுக்கு எப்படி என்.ஓ.சி. குடுக்கறது?" என்று கேட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, என் பக்கமும் இருக்கிறது. வட்டார அலுவலகம் வரை கடிதம் எழுதி, வாரிசுச் சான்றிதழும் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்து, தீபாவளி சமயத்தில்தான் "பாக்கி ஏதுமில்லை" என்று ஒரு தாள் கிடைத்தது. பல மாதம் அந்த ஒரு தாளுக்காக அலைந்தேன். வங்கி வாசலில் நின்று அழுதிருக்கிறேன்.

அதற்கு நடுவில் ஆர்.சி.யின் ஆயுளும் முடிந்தது. சொந்த உபயோக வண்டிக்கு முதலில் பதினைந்து வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1984 வண்டிக்கு 2024-ல் கெடு. கெடு தாண்டினால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம், வண்டி நின்றிருந்தாலும் ஓடினாலும். புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆக உயர்ந்தது 2022 ஏப்ரலில். இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பழைய அட்டைப் புத்தக ஆர்.சி. கணினியில் ஏறியிருக்காது, பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் வேலை, போடச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு அலைச்சல். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் நம்பர் மேல் எத்தனையோ கோட்டிங் பெயிண்ட் ஏறி, தாள் வைத்துத் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட் விழவில்லை, சுரண்டித் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தம் கேட்பதற்கு முன் இந்த மூன்றைப் பாருங்கள்: ஆர்.சி.யில் எச்.பி. இருக்கிறதா, வண்டி எண்ணைப் போட்டால் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வருகிறதா, சேஸிஸ் நம்பர் கண்ணுக்குத் தெரிகிறதா. மூன்றில் ஒன்று சரியில்லையென்றாலும் விலையில் முப்பதாயிரம் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். எனக்கு இந்த வகையில் மட்டும் பதினெட்டாயிரம் போனது.

காகிதம் நகராமல் கிடந்த மாதங்களில் வண்டியைச் சீர்செய்துவிடலாம் என்று பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். டிங்கரிங், பெயிண்டிங் சேர்த்து எழுபதாயிரம் என்று பேச்சு. ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். பெயிண்டுக்கு அடியில் பள்ளம் நிரப்பப் பூசிய புட்டியை உரித்தபோது உள்ளே தகரமே இல்லை. டிரைவர் கால் வைக்கும் தளம், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், முன் சக்கர அமைப்பு வந்து பிடிக்கும் இடம் எல்லாம் துரு. வெளியே பளபளவென்று இருந்ததெல்லாம் பல வருடத்துப் புட்டி. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதியிலும் மட்கார்டு ஓரத்திலும் வைத்துப் பார்த்தால் புட்டி எங்கே, இரும்பு எங்கே என்று தெரிந்துவிடும். இதை எனக்குச் சொன்னது என் மெக்கானிக் பாய். ஆனால் அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததே டிங்கரிங் முடிந்த பிறகு.

பாய்க்கு எழுபதை நெருங்கும் வயது, ஃபியட்டிலேயே கை பழகியவர். "பாப்பா, முதல்ல துரு, அப்புறம் பிரேக்கு, அப்புறம் தண்ணி, அப்புறம் பெட்ரோல் லைன், அப்புறம் வயரிங். என்ஜினு அதுக்கப்புறம். பெயிண்டு எல்லாத்துக்கும் கடைசி" என்றார். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயிண்ட் அடித்தபிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் மறுபடி பெயிண்ட். கூலியை மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் அனுப்பச் சொல்லுங்கள், ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்ததற்குப் பணம். என்ஜின் வேலைக்கு அறுபத்திரண்டாயிரம். பிரேக், கிங் பின், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்ட், கண்டன்சர், அப்புறம் கிளட்ச் பிளேட் மாதிரி ஓடும் சாமான்கள் கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும். கண்ணாடி ரப்பர், பீடிங், விளக்கு மூடி போன்றவற்றுக்குத்தான் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதிலும் பாதி டூப்ளிகேட்.

2025 பிறந்ததும் வண்டி ரோட்டுக்கு வந்தது. ஸ்டியரிங்கில் கியர், சோபா மாதிரி முன் சீட், மெல்லிய தூண்கள் என்பதால் சுற்றிலும் ரோடு முழுக்கத் தெரியும். அம்மா ஏறி உட்கார்ந்து அப்பா துணி வைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அந்த முதல் இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

சித்திரை வெயிலோடு தொல்லை தொடங்கியது. சிக்னலில் கொஞ்சம் நின்றால் வண்டி அணைந்துவிடும், அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர் வைத்த இந்த மாதிரி வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கிறது. என்ஜின் சூட்டில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். இதோடு இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோல் இ-20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரமும் அதற்காகச் செய்ததில்லை. உப்பிப் பிசுபிசுத்துக் கசிய ஆரம்பித்தது. சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கசிவு என்றால் தீ. இதைப் படிக்கிற கார்ப்பரேட்டர் வண்டிக்காரர்கள் இந்த வாரமே பானட்டைத் திறந்து ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலோ வெடித்திருந்தாலோ, எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். டயாஃப்ரம் கிட் ஒன்று டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க்கைக் காலியாக விடாதீர்கள்.

அப்புறம் மழை பிடித்திருந்த ஒரு ஆகஸ்ட் சாயங்காலம். தஞ்சாவூர் ரோட்டில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வருகிறேன், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். உள்ளே தண்ணீர் போனால் காயும்வரை சரியாகப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடது பக்கம் மண்ணில் இறக்கி எப்படியோ நிறுத்தினேன். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பின் சீட்டில் பெல்ட்டே இல்லை. அன்றைக்கு என் மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தும் கை நடுங்குவது நிற்கவில்லை. தினசரி ஓட்டத்துக்கு வேறு வண்டி என்று அன்றைக்கு முடிவானது. மைலேஜ் அந்த முடிவில் இல்லவே இல்லை. (டிரம் பிரேக் வண்டிக்காரர்களுக்கு: தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்து டிரம்மைச் சூடாக்கிக் காயவிடுங்கள்.)

செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அந்த விலையில் ஒரு ஸ்விஃப்ட் எடுத்தேன், ரோட்டு விலை 7,80,000. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியபோதுதான் ஒன்று புரிந்தது. பத்மினி என்ஜின் 1089 சி.சி., ஸ்விஃப்ட் 1197. எடை இரண்டுமே 900 கிலோவை ஒட்டித்தான். ஏறக்குறைய அதே எடை, அதே அளவு என்ஜின். ஆனால் பத்மினிக்கு 40 குதிரைசக்தி சொச்சம், ஸ்விஃப்டுக்கு 80-க்கு மேல். நான் ஓட்டியதில் பத்மினி 11 கிலோமீட்டர் கொடுத்தது, ஸ்விஃப்ட் 18-க்கு மேல் கொடுக்கிறது. கம்பெனிச் சான்றிதழில் 24.8 என்று போட்டிருக்கிறது. அது ஆய்வுக்கூடச் சோதனையின் அளவு, திருச்சி ஊருக்குள் அதை எதிர்பார்க்காதீர்கள்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாயிடம் கேட்டேன். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஓட்டையின் (ஜெட்) அளவு நிலையானது. வெயிலோ மழையோ, என்ஜின் குளிர்ந்திருக்கிறதோ சூடாக இருக்கிறதோ, அதற்குத் தெரியாது. இப்போதைய வண்டியில் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. எரிந்தது போக என்ன மிச்சம் என்று பார்த்து, கணந்தோறும் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலரைப் பங்குக்குச் சற்று மேல் காற்று என்ற அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. இ-20 போட்டாலும் அதுவாகச் சரிசெய்துகொள்ளும். பத்மினிக்கு நாம்தான் ஜெட்டை மாற்ற வேண்டும். கியரில் வண்டியை விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஸ்விஃப்ட் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது, பத்மினி உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். ஐந்தாவது கியர் இருப்பதால் 80-ல் போனாலும் என்ஜின் நிதானமாக ஓடுகிறது, நாலு கியர் பத்மினி அந்த வேகத்தில் கத்தும். புகையை வடிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் பத்மினியில் கிடையாது. மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்தால் கண் எரியும். அந்தக் காற்றைத் தெருவில் இருக்கும் குழந்தைகளும்தான் சுவாசிக்கிறார்கள், தினமும் அதை ஓட்டியபோது எனக்கு அது உறுத்தியது.

சரி, இப்போது கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர். பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம். பத்மினிக்கு மாதம் ஒன்பதாயிரத்து இருநூறு ஆனது, ஸ்விஃப்டுக்கு ஐயாயிரத்து ஐநூறு. மிச்சம் மூவாயிரத்து எழுநூறு. ஐந்து லட்சம் கடனுக்கு ஐந்து வருட மாதத் தவணை பத்தாயிரத்து நானூறு. ஆக, "மைலேஜ் மிச்சத்திலேயே தவணை கட்டிடலாம்" என்று ஷோரூமில் சொல்வது என் அளவு ஓட்டத்துக்குக் கூட மூன்றில் ஒரு பங்குதான் உண்மை. மாதம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் 370 ரூபாய். அவர் மைலேஜுக்காகப் புது வண்டி வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஆனால் பத்மினி நின்றுபோன நாள்களில் நான் கொடுத்த கால் டாக்ஸி, டோயிங், சம்பளமில்லா விடுப்பு மட்டும் ஐம்பதாயிரம். மைலேஜை ஒப்பிடுகிறவர்கள் இந்த வரியை எழுதிப் பார்ப்பதே இல்லை. பழைய வண்டியைத் தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், அது நிற்கும் நாளில் உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா, அந்த வழிக்கு என்ன செலவு என்பதை முதலில் எழுதுங்கள்.

புது வண்டியில் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்மினியில் எது கெட்டாலும் கண்ணால் பார்க்கலாம். பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்து வழியிலேயே கிளப்பியிருக்கிறேன். ஸ்விஃப்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்தவரிடம்தான் போக வேண்டும், சின்னப் பழுதுக்கும் முழு யூனிட்டாக மாற்றச் சொல்வார்கள். வாங்கிய மறுநாளே விலையும் விழுகிறது. நன்றாக வைத்த பத்மினி அப்படி விழாது.

பத்மினியை வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் கல்லணை வரை ஒரு ஓட்டம், மழை நாளில் எடுப்பதில்லை, மகளைப் பின் சீட்டில் ஏற்றுவதில்லை. முன் சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் போட்டாயிற்று. இன்ஷூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும், 1000 முதல் 1500 சி.சி. வரை பிரீமியம் 3,416 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். முழு பாலிசி வேண்டும் என்றால் வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும், செய்த வேலைகளின் பில்லும் படமும் அதற்குத்தான் உதவும்.

வின்டேஜ் நம்பர் வாங்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் முடிந்திருக்க வேண்டும், வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஆனால் அதன்பிறகு தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவ்வளவுதான். என் வண்டிக்கு அந்தத் தகுதி 2034-ல் வரும். அதற்கு முன் 2029-ல் ஒரு புதுப்பிப்பு இருக்கிறது. அதற்கான பத்தாயிரத்தை இப்போதே தனிக் கணக்கில் போட்டு வருகிறேன்.

உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பெயரில் ஒரு பழைய வண்டி இருந்தால், அவர்கள் நன்றாக இருக்கும்போதே ஆர்.சி. புத்தகத்தை எடுத்து எச்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்கள் கையெழுத்திலேயே ரத்து செய்துவிடுங்கள். கையெழுத்துப் போட அவர்கள் இருக்கும்போது அது ஒரு படிவத்து வேலை. அட்டைப் புத்தகத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள், அதில் மறுபடி முத்திரை வைக்க முடியாமல் போய்விடும். ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் போனில்.